ஆடியைச் சோதிப்பதும் சோதனையைச் சோதிப்பதும்

இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் சிலிக்கன் கார்பைடு தூளையும் தண்ணீரையும் இட்டு, மேலிருப்பதை முன்னும் பின்னும் தள்ளியபடி அவ்வப்போது சுழற்றிக்கொண்டே தேய்த்தால், மேலிருப்பது குழிந்தும் கீழிருப்பது குவிந்தும் இரண்டும் கோள வடிவத்தை நோக்கித் தாமாகவே செல்லும். தூளின் எண்ணை 80, 120, 220, 320, 500 என்று (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) உயர்த்திக்கொண்டே போய், பிறகு கீல் போன்ற பிசினான பிட்ச் பூசிய தட்டில் சீரியம் ஆக்ஸைடு கொண்டு மெருகேற்றி முடித்தால் பளபளக்கும் குழியாடி ஒன்று கையில் இருக்கும். இதுவரை செய்ததற்குத் திறமையைவிடப் பொறுமையே அதிகம் தேவைப்பட்டிருக்கும். தொலைநோக்கி ஆடி செய்வதன் கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எஞ்சியிருப்பவை இரண்டு வேலைகள். ஆடியின் பரப்பு இப்போது என்ன வடிவத்தில் இருக்கிறது என்று கண்டறிவது ஒன்று. அதை வேண்டிய வடிவத்துக்கு, அதாவது விண்மீனின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையத்துக்கு, கொண்டுவருவது மற்றொன்று. புதிதாக இதில் இறங்குபவர்கள் இரண்டாவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எந்த வீச்சு (தேய்க்கும்போது கையை ஓட்டும் விதம்) எந்தப் பகுதியைக் குறைக்கும், எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் முதலாவதுதான் நேரத்தைத் தின்கிறது. சோதனைக் கருவியின் முன் அமர்ந்து பார்க்கும்போது ஆடியோடு சேர்ந்து அது நிற்கும் தாங்கியும், அறையின் காற்றும், கண்ணாடிக்குள் தங்கியிருக்கும் சூடும், பார்ப்பவரின் எதிர்பார்ப்பும் ஒன்றாகக் கலந்தே தெரிகின்றன. அவற்றில் எது கண்ணாடிக்குரியது என்று பிரித்தறியாமல் பிட்ச் தட்டின் மேல் கை வைப்பவர், இல்லாத மேட்டைத் தேய்த்து உண்மையான பள்ளத்தை உண்டாக்குகிறார்.

எவ்வளவு நுண்ணிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள எஃப்/6 ஆடியின் (குவியத் தொலைவு விட்டத்தைப் போல ஆறு மடங்கு) வளைவு ஆரம் 2400 மில்லிமீட்டர்; குழிவின் ஆழம் நடுவில் 2.08 மில்லிமீட்டர். அதே வளைவு உள்ள கோளத்தையும் பரவளையத்தையும் மையத்தில் ஒன்றையொன்று தொடும்படி வைத்துப் பார்த்தால், விளிம்பில் அவை பிரிந்து நிற்கும் தூரம் 0.9 மைக்ரான். பரவளையத்துக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கோளத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால், அந்த வேறுபாடு மேலும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி ஏறத்தாழ 0.23 மைக்ரான் ஆகிவிடும். ஆடியை ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினாலும் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவே படத்தைக் கெடுக்கப் போதுமானது. ஒளி ஆடியில் பட்டுத் திரும்புவதால் பரப்பில் உள்ள பிழை அலைமுகப்பில், அதாவது திரும்பும் ஒளி அலையின் முகப்பு வடிவத்தில், இரட்டிப்பாகிறது. எனவே இந்த 200 மில்லிமீட்டர் ஆடியைக் கோளமாகவே விட்டுவிட்டால், 550 நானோமீட்டர் பச்சை ஒளியில் அலைமுகப்புப் பிழை 0.8 அலைநீளத்தைத் தொடும். ரேலி பிரபு 1879இல் வகுத்த அளவுகோல் கால் அலைநீளத்தை எல்லையாகக் கொள்கிறது. பரப்பின் கணக்கில் அது 70 நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 150 மில்லிமீட்டர் எஃப்/8 ஆடியில் நிலைமை வேறு. அதைக் கோளமாகவே விட்டாலும் பிழை 0.26 அலைநீளம்தான் வரும். முதல் ஆடி செய்பவர்களுக்கு அந்த அளவையே மூத்தவர்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். பரவளையமாக்குவதில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டாலும் அந்த ஆடி நல்ல ஆடியாகவே இருக்கும்.

இத்தனை சிறிய அளவை ஒரு சவர பிளேடும் ஒரு சிறு விளக்கும் காட்டிக்கொடுக்கின்றன என்பதை நான் இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன். லியோன் ஃபூக்கோ 1858இல் வெளிப்படுத்திய சோதனை இது. ஆடியின் வளைவு மையத்துக்கு (ஆடியிலிருந்து வளைவு ஆரத்தின் தொலைவில் உள்ள புள்ளிக்கு) அருகில் ஒரு நுண்துளையையோ மெல்லிய பிளவையோ வைத்து, அதன் பின்னால் எல்இடி விளக்கை எரியவிட வேண்டும். ஆடி திருப்பி அனுப்பும் ஒளி, துளைக்குப் பக்கத்திலேயே அதன் பிம்பத்தை உருவாக்கும். அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் கண்ணை வைத்தால் ஆடி முழுவதும் ஒளி நிரம்பிய தட்டாகத் தெரியும். இப்போது பிளேடின் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல நகர்த்திப் பிம்பத்தை வெட்ட வேண்டும். மெருகேற்றிய வெறும் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும் என்றாலும், இருட்டறையில் இந்தச் சோதனைக்கு அதுவே தாராளம்.

பிளேடு பிம்பத்துக்கு முன்னால், அதாவது ஆடியின் பக்கமாக இருந்தால், நிழல் பிளேடு வரும் பக்கத்திலிருந்தே ஆடியின் மேல் படரும்; பின்னால் இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து படரும். சரியாகப் பிம்பத்தின் மேலேயே வெட்டினால், குறையற்ற கோளம் எந்தப் பக்கமும் சாயாமல் ஒரே சீராகச் சாம்பல் நிறமாகி அணைந்துவிடும். கோளத்திலிருந்து விலகிய பரப்போ மேடுபள்ளங்களோடு எழுந்து நிற்கும். இடப்பக்கமிருந்து பிளேடு வந்தால், வலப்பக்கமிருந்து வெளிச்சம் சாய்வாக அடிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு பார்க்க வேண்டும். மாலை வெயிலில் மணல்வெளியின் சிறு அலைகள்கூட நிழல் விழுத்தித் தெரிவதைப் போல, நானோமீட்டர் கணக்கிலான ஏற்ற இறக்கங்கள் அப்போது புடைத்துத் தெரியும். மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் 70 விழுக்காட்டுத் தொலைவில் உள்ள வளையத்துக்கு பிளேடைப் பொருத்திப் பார்த்தால், பரவளையம் நடுவில் குழிந்து, அந்த வளையத்தில் உயர்ந்து, விளிம்பில் சரியும் வட்டமான மேடாகக் காட்சி தரும்.

இந்தக் கருவியின் நுட்பம் எத்தகையது என்பதை உணர, ஆடியின் பரப்பில் விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டு மீண்டும் கருவியின் முன் உட்கார்ந்து பார்த்தாலே போதும். விரல் பட்ட இடத்தில் ஒரு முட்டு எழுந்திருக்கும். உடல் சூட்டில் கண்ணாடி அந்த இடத்தில் மட்டும் விரிந்ததால் உண்டான முட்டு அது. ஒருபுறம் இருண்டும் மறுபுறம் ஒளிர்ந்தும் தெரியும் அதன் ஓரங்கள் மெல்ல மங்கி, சில நிமிடங்களில் பரப்போடு பரப்பாகக் கரைந்துவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரியும். பைரெக்ஸ் போன்ற போரோசிலிக்கேட் கண்ணாடி 3.3 பங்கு விரியும். அதனால் பைரெக்ஸில் முட்டு சிறிதாக எழும். இந்த விரல் சோதனையைப் புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்து விநாடி விரல் பட்டதற்கே இப்படியென்றால், அரைமணி நேரம் இரு உள்ளங்கைகளாலும் பிடித்துத் தேய்த்த ஆடி என்ன பாடுபட்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

நிழலைக் கண்ணால் பார்த்து வடிவத்தை மதிப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் அளக்க வேண்டும். ஆந்த்ரே கூடரின் பெயரால் வழங்கும் மாஸ்க் அதற்கானது. கெட்டி அட்டையில், மையத்துக்கு இருபுறமும் ஒரே தொலைவில் இணை இணையாக ஜன்னல்களை வெட்டி ஆடியின் முன் நிறுத்துகிறோம். ஒவ்வொரு இணையும் ஆடியின் ஒரு வளையத்தைக் காட்டும். இரண்டு ஜன்னல்களும் ஒரே சமயத்தில் ஒரே அளவு இருளும் இடத்தைத் தேடி பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த இடத்தை டயல் கேஜில் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுமானியில்) படித்துக் குறித்துக்கொள்கிறோம். விளக்கும் பிளேடும் ஒன்றாக நகரும் கருவியில், பரவளையத்தின் ஒவ்வொரு வளையமும் மையத்தைவிட எவ்வளவு பின்னால் குவியும் என்பது எளிய கணக்கு: வளையத்தின் ஆரத்தை வர்க்கப்படுத்தி, வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும். விளக்கு நிலையாக இருந்து பிளேடு மட்டும் நகர்ந்தால் இந்த அளவு இரட்டிப்பாகும். தன் கருவி இவற்றில் எந்த வகை என்று தெரியாமல் சூத்திரத்தை எடுத்துக்கொண்டவர், கோளத்துக்கும் பரவளையத்துக்கும் நடுவழியில் நிற்கும் ஆடியை முடிந்துவிட்டதாக எண்ணக்கூடும். அல்லது தேவைக்கு இருமடங்கு திருத்திவிட்டு நிற்பார்.

மேலே சொன்ன 200 மில்லிமீட்டர் ஆடியைச் சம பரப்புள்ள நான்கு வளையங்களாகப் பிரித்தால், நகரும் விளக்குக் கருவியில் அவற்றின் அளவுகள் 0.26, 0.78, 1.30, 1.82 மில்லிமீட்டர் என்று வரும். அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே சரியாக 0.52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தச் சமமான இடைவெளி மிகவும் வசதியானது. அளவுகளைத் தாளில் எழுதிய உடனேயே எந்த வளையம் வரிசையை விட்டு விலகுகிறது என்று கணக்கின்றிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெளி வளையத்தில் அளவு 0.1 மில்லிமீட்டர் பிசகினால், அந்த வளையத்தின் அகலத்துக்குள் பரப்பு ஏறத்தாழ 20 நானோமீட்டர் ஏறவோ இறங்கவோ செய்திருக்கிறது என்று பொருள். கால் அலை எல்லையோடு ஒப்பிட்டால் இது பொறுத்துக்கொள்ளத்தக்கதுதான். ஆனால் வெவ்வேறு வளையங்களின் பிசகுகள் ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் அல்ல.

ஆகவே 0.1 மில்லிமீட்டரை நம்பும்படியாகப் படிக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் பார்ப்பவரின் மனம் குறுக்கே வருகிறது. என்ன அளவு வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு டயல் கேஜைப் பார்த்தபடியே பிளேடை நகர்த்தினால், கை அந்த அளவில் போய்த் தானாக நிற்கும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, நிழல்கள் சமமாகும் வரை டயலைத் துணியால் மூடி வைப்பது. வளையங்களையும் உள்ளிருந்து வெளியே வரிசையாகப் படிக்காமல் கலைத்துப் படிக்கிறேன். திருகில் உள்ள தளர்வு அளவில் புகாமலிருக்க எப்போதும் ஒரே திசையிலிருந்தே பிளேடை அணுகுகிறேன். ஒவ்வொரு வளையத்தையும் பல முறை படித்து, சராசரியோடு அந்த அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் எழுதி வைக்கிறேன். சிதறல் 0.15 மில்லிமீட்டர் இருக்கும்போது சராசரியில் தெரியும் 0.05 மில்லிமீட்டர் பிசகைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை. நடு வளையத்தில் சிதறல் எப்போதும் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே சரிவு மிகக் குறைவு. அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

சூட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மெருகேற்றி முடித்த கையோடு ஆடியைத் தாங்கியில் வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜன்னல் கண்ணாடியாக இருந்தால் மறுநாள் காலையில் தெரிவதே உண்மை. ஆகையால் மாலையில் சில நிமிடங்கள் தேய்ப்பதும் காலையில் சோதிப்பதும்தான் ஒழுங்கான முறை. பொறுமையற்றவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு. ஆடியை அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் சூடு விரைவாக வெளியேறும். அதற்குப் பிறகும், இருபது நிமிட இடைவெளியில் எடுத்த இரு அளவுத் தொகுதிகள் ஒத்துப்போகாவிட்டால் கண்ணாடி இன்னும் அடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

காற்று அடுத்த தொல்லை. கருவிக்கும் ஆடிக்கும் இடையே ஒளி போக வர ஏறத்தாழ ஐந்து மீட்டர் காற்றைக் கடக்கிறது. பார்ப்பவரின் மூச்சும் உடல் சூடும் அந்தப் பாதையில் ஏறினால், ஆடியின் மேல் புகை நெளிவதைப் போன்ற கோடுகள் ஓடும். நெளியும் காற்றாவது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அசையாமல் நிற்கும் காற்றுதான் ஆபத்தானது. மூடிய அறையில் தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்கடுக்காகத் தங்கிவிட்டால், படம் கல்லைப் போல நிலையாக இருக்கும். ஆனால் ஆடியில் இல்லாத அஸ்டிக்மாட்டிசம், அதாவது ஒரு விட்டம் இன்னொன்றைவிட வேறாக வளைந்திருப்பது போன்ற தோற்றம், அதில் கலந்திருக்கும். அளவெடுப்பதற்கு முன் காற்றாடியை ஓடவிட்டு அறைக் காற்றைக் கலக்கிவிட்டு, அது அடங்கியதும் படிப்பது நல்லது.

அஸ்டிக்மாட்டிசத்தைப் பொறுத்தவரை ஃபூக்கோவின் இந்தக் கத்தி விளிம்புச் சோதனை ஒரு மோசமான சாட்சி. பிளேடு நகரும் திசையிலுள்ள ஒற்றை விட்டத்தைத்தான் மாஸ்க் அளக்கிறது. அதற்குக் குறுக்கே உள்ள விட்டம் எப்படி வளைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நுண்துளையின் பிம்பத்தை ஒரு கண்ணருகு வில்லையால் பெரிதாக்கிப் பார்த்து, குவியத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினால், பிழையற்ற ஆடியில் இருபுறமும் வட்டமாகவே விரியும். அஸ்டிக்மாட்டிசம் இருந்தால் ஒருபுறம் ஒரு திசையிலும் மறுபுறம் அதற்குச் செங்குத்தான திசையிலும் நீளும். அப்படி நீண்டால் உடனே பதறிப் பிட்ச் தட்டைத் தேடக் கூடாது. ஆடியைத் தாங்கியில் 90 டிகிரி சுழற்றி வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நீட்சி ஆடியோடு சேர்ந்து சுழன்றால் குற்றம் கண்ணாடியில் உள்ளது. இருந்த இடத்திலேயே நின்றால் தாங்கியிலோ காற்றிலோ உள்ளது. மெல்லிய ஆடிகள் தங்கள் எடையாலேயே வளைந்துவிடும். அடியில் ஒரே புள்ளியில் ஊன்றி நிறுத்துவதைவிட, மையத்திலிருந்து பார்த்தால் 90 டிகிரி இடைவெளி உள்ள இரு புள்ளிகளில் தாங்குவது எவ்வளவோ மேல். பின்புறம் எதையும் இறுக்கக் கூடாது.

ஒரே சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அதன் அடிப்படைப் பிழை வெளியே வராது. இதற்கு ஹபிள் தொலைநோக்கியைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. அதன் 2.4 மீட்டர் முதன்மை ஆடி வியக்கத்தக்க வழவழப்போடு மெருகேற்றப்பட்டிருந்தது. அதைச் சோதிக்கப் பயன்படுத்திய திருத்தக் கருவியில் ஒரு வில்லை தன் இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததால், ஆடியின் விளிம்பு 2 மைக்ரானுக்குச் சற்றே கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. 1990இல் விண்ணில் ஏவிய பிறகே அது தெரிய வந்தது. வேறு எளிய கருவிகளால் செய்த சோதனைகள் முன்கூட்டியே முரண்பட்டுக் காட்டியிருந்தன. துல்லியம் குறைந்த கருவிகள் என்று சொல்லி அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். நம் கைவேலைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் மிகவும் நேரடியானது. வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டு சோதனைகள் ஒத்துப்போகாத வரை, எது நுட்பமானது என்ற பட்டிமன்றத்தில் இறங்காமல் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சியாக ரோஞ்சி சோதனையை வைத்துக்கொள்வதில் செலவே இல்லை. வாஸ்கோ ரோஞ்சியின் பெயர் தாங்கிய இந்த முறையில், பிளேடு இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு கோடுகள் அளவிலான கட்டத்தை வைக்கிறோம். கோளத்தில் பட்டைகள் நேராகத் தெரியும், பரவளையத்தில் வளையும். அளவு சொல்ல இது அவ்வளவு ஏற்றதல்ல. ஆனால் ஓரம் சரிந்திருந்தால் பட்டைகளின் நுனிகள் கொக்கியாக மடங்கிக் காட்டிவிடும். வளையக் குறைகள் இருந்தால் பட்டை அந்த இடத்தில் முறியும். கணினியில் தன் ஆடிக்குரிய பட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுபவர்களும் உண்டு. இன்னும் ஒருபடி மேலே போக விரும்புபவர்களுக்கு ஒளி அலைகளின் குறுக்கீட்டால் பரப்பை அளக்கும் பாத் குறுக்கீட்டுமானி இருக்கிறது. ஒரு லேசர் டையோடு, ஒளிபிரிக்கும் கனசதுரம், சிறு வில்லை, சிறு ஆடி ஆகியவற்றைக் கொண்டே அதைச் செய்துவிடலாம். அதன் பட்டைகளைப் படமெடுத்து இலவச மென்பொருளில் கொடுத்தால் ஆடியின் முழுப் பரப்பும் வரைபடமாகக் கிடைக்கும். கத்தி விளிம்பு கண்டுகொள்ளாத அஸ்டிக்மாட்டிசம் இதில் தப்பாது. அதே சமயம், வண்ண வரைபடத்தின் அழகில் மயங்கி அதற்குப் பின்னால் உள்ள காற்றையும் தாங்கியையும் மறந்துவிடும் ஆபத்தும் இதில் அதிகம்.

இனி திருத்தும் வேலை. கோளத்திலிருந்து பரவளையத்துக்குப் போக ஒரு மைக்ரானுக்கும் குறைவான கண்ணாடியை எடுத்தால் போதும் என்பதால், இதில் கைவலிமைக்கு இடமில்லை. ஆடியை மேலே வைத்து, மையத்தின் மேல் மையம் போகும்படி விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குத் தேய்க்கும் குறுவீச்சு பரப்பைக் கோளத்தை நோக்கி இழுக்கும். ஆடி பக்கவாட்டில் வெளியே தொங்கும்படி நீண்ட வீச்சில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால், பிட்ச் தட்டின் ஓரம் ஆடியின் நடுப்பகுதியில் அழுத்தி நடுவைக் குடையும். பெரும்பாலான திருத்தங்கள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவைதான். ஆகவே அளவுக்கு மிஞ்சிக் குடைந்து பரப்பு அதிபரவளையமாகிவிட்டாலும் குடி முழுகிவிடாது. குறுவீச்சுக்குத் திரும்பிப் பாதி வழி பின்வாங்கிவிட்டு மறுபடி வரலாம். வளையக் குறை ஒன்றைச் சிறிய தட்டால் தனியாகக் குறிவைத்துத் தேய்ப்பவர்களை நான் பொறாமையோடும் அச்சத்தோடும் பார்ப்பதுண்டு. கைவந்தவர்களுக்கு அது விரைவான வழி. மற்றவர்கள் ஒரு வளையத்தைத் தீர்த்து அதன் இருபுறமும் இரண்டு வளையங்களை உண்டாக்குவார்கள்.

வீச்சுகளைவிடப் பிட்ச் தட்டின் நிலைமையே முக்கியம் என்பது என் எண்ணம். பிட்ச் தொட்டால் கெட்டியாக இருந்தாலும் மெல்ல மெல்ல வழிந்துகொண்டே இருக்கும் பொருள். நேற்று ஆடியோடு ஒட்டிப் பொருந்தியிருந்த தட்டு இன்று பொருந்தாது. தேய்க்கத் தொடங்கும் முன் சீரியம் ஆக்ஸைடு பூசி, ஆடியை அதன்மேல் வைத்து, எடை ஏற்றிச் சிறிது நேரம் விட்டுவிட்டால் பரப்பு மறுபடி பொருந்தும். கட்டங்களுக்கு இடையே வெட்டிய கால்வாய்கள் மூடிக்கொண்டிருந்தால் அவற்றை மறுபடி திறந்துவிட வேண்டும். மூடிய கால்வாயோடு தேய்த்தால் தட்டு ஓரிடத்தில் பிடித்தும் ஓரிடத்தில் வழுக்கியும் போகும். பிட்ச் அளவுக்கு மீறி இளகியிருந்தால் ஆடியின் ஓரம் அதற்குள் அமிழ்ந்து தேய்ந்து சரிந்துவிடும். ஓரச்சரிவுதான் ஆடி வேலையில் மிகவும் வெறுக்கப்படும் குறை. அதை நீக்க வேண்டுமானால் ஓரத்தைத் தவிர மற்ற பரப்பு முழுவதையும் அந்தச் சரிவின் ஆழத்துக்கு இறக்கியாக வேண்டும். மிகக் குறுகிய சரிவாக இருந்தால், அந்தச் சில மில்லிமீட்டரைக் கறுப்பு வளையத்தால் மறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதே அறிவுடைமை என்பேன். 200 மில்லிமீட்டர் ஆடி 194 மில்லிமீட்டர் ஆடியாக இருப்பதால் ஒளியில் ஆறு விழுக்காடுதான் இழப்பு.

பரவளையத்தை நெருங்க நெருங்கத் தேய்க்கும் நேரம் குறைய வேண்டும். காத்திருக்கும் நேரம் கூட வேண்டும். கடைசிக் கட்டத்தில் இரண்டு மூன்று நிமிடத் தேய்ப்பே அளவுகளை மாற்றிவிடும். ஒவ்வொரு முறையும் வீச்சின் வகை, நேரம், அறை வெப்பம், தட்டின் நிலை ஆகியவற்றை அளவுகளோடு சேர்த்து எழுதி வைத்தால், தன் கையும் தன் பிட்சும் எப்படி வேலை செய்கின்றன என்பது விளங்கத் தொடங்கும். இன்னொருவருக்கு நடுவைக் குடைந்த வீச்சு நமக்கும் அதே அளவு குடையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மூன்றாவது சாட்சி வானத்தில் இருக்கிறது. அலுமினியம் பூசும் முன்பே ஆடியைக் குழலில் பொருத்திப் பார்க்கலாம். 4 விழுக்காடே திருப்பி அனுப்பும் 200 மில்லிமீட்டர் வெறும் கண்ணாடி, பூச்சுள்ள 40 மில்லிமீட்டர் ஆடி திரட்டும் அளவு ஒளியைத் திரட்டும். பிரகாசமான விண்மீனைச் சோதிக்க அது போதும். துருவ விண்மீன் ஏறக்குறைய நகராமல் நிற்பதால், அது தெரியும் இடங்களில் வசதியான இலக்கு. விண்மீனைக் குவியத்துக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் விரித்துப் பார்த்தால், நல்ல ஆடியில் இருபுறமும் வளையங்கள் ஒரே மாதிரி தெரியும். திருத்தம் போதாமல் கோளத்தின் பக்கம் தங்கியிருந்தால், உட்புறம் வெளி வளையம் கூர்மையாகவும் வெளிச்சமாகவும் இருக்கும். வெளிப்புறம் ஓரம் பஞ்சாகக் கலைந்திருக்கும். அளவு மீறிய திருத்தத்தில் இவை இடம் மாறும். இங்கேயும் சூடு விடாது பின்தொடரும். குளிர்ந்துகொண்டிருக்கும் ஆடியின் ஓரம் நடுவைவிட வேகமாகக் குளிர்ந்து சுருங்குவதால், அது திருத்தம் மிஞ்சிய ஆடியைப் போல நடிக்கும். அதனால்தான் பழைய கைவினைஞர்கள் ஜன்னல் கண்ணாடி ஆடியைச் சற்றே திருத்தம் குறைவாக நிறுத்திக்கொண்டார்கள். வானம் அடங்கிய இரவில், ஆடி நன்றாகக் குளிர்ந்த பிறகு பார்த்ததை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இதுதான்: மாஸ்க் அளவுகள் கால் அலை எல்லைக்குள் வசதியாக அடங்கி, ரோஞ்சி பட்டைகள் முறிவின்றி ஓடி, விண்மீன் இருபுறமும் ஒத்துத் தெரிந்துவிட்டால், மிஞ்சிய பிசகு என் அளவுகளின் சிதறலைவிடப் பெரிதாகவும் இல்லையென்றால் நான் நிறுத்திவிடுவேன். பத்தில் ஒரு அலை, இருபதில் ஒரு அலை என்று பேசுபவர்களின் ஆடிகளை மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை எந்தச் சோதனை, எத்தனை விட்டங்களில், எந்தச் சிதறலோடு சொன்னது என்று கேட்காமல் நான் அதை ஏற்பதில்லை.

அலுமினியப் பூச்சு ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமன்தான், அதுவும் எங்கும் சீராகப் படிவதால் வடிவத்தை மாற்றாது. பூசி வந்த ஆடியை மீண்டும் ஒருமுறை கருவியின் முன் நிறுத்துவது நல்லது. இப்போது அது முன்பைவிட இருபது மடங்குக்கும் மேலான ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் விளக்கை மங்கலாக்கியோ பிளவைக் குறுக்கியோ வைக்காவிட்டால் கண் கூசி நிழல்கள் தெரியாது. எந்த விட்டத்தை அளந்தோம் என்பதைப் பூச்சுக்கு அனுப்பும் முன்பே ஆடியின் பின்புறத்தில் கீறிக் குறித்திருந்தால், அதே விட்டத்தை அதே மாஸ்கால் அளந்து பழைய தாளோடு ஒப்பிடலாம். பல விட்டங்களை அளந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் இட்டுவைப்பது நல்லது.